லேசிக் (கண் பவரைப் போக்குற லேசர் ஆபரேஷன்): ஒரு இடத்தில் "இந்த வாரமே பண்ணலாம்", இன்னொரு இடத்தில் "இப்ப வேண்டாம்". யார் சொல்றதைக் கேட்கிறது?

மஞ்சள்குடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 26, ஊர் பொள்ளாச்சிப் பக்கம், வேலை சென்னையில். ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. இப்போதைய பவர் வலது -5.25, சிலிண்டர் (கண்ணோட வளைவு எல்லாப் பக்கமும் சமமா இல்லாததுக்கான பவர்) -1.25. இடது -5.75, சிலிண்டர் -1.50. வேலைக்கு வந்ததிலிருந்து காண்டாக்ட் லென்ஸும் போடுறேன். வலது கண் ரெண்டு வருஷமா மாறல. இடதுல மட்டும் போன வருஷம் சிலிண்டர் கால் பாயிண்ட் ஏறியிருக்கு.

வீட்ல வரன் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. ஜாதகத்தோட போட்டோ போறதுக்கு முன்னாடி கண்ணாடி போயிடணும்னு அம்மா ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. அம்மாவுக்காக மட்டும் இல்ல, எனக்கே ஆசைதான். காலையில எழுந்து கண்ணாடியைத் தடவித் தேடாம மணி பார்க்கணும். ஹெல்மெட் மாட்டும்போது கண்ணாடிக் காம்பு காதுல குத்தாம இருக்கணும்.

முதல்ல போன இடத்துல மளமளன்னு எல்லா டெஸ்டும் முடிச்சு, ஆஸ்பத்திரி ஆலோசகர் (கவுன்சிலர்) முன்னாடி உட்கார வெச்சாங்க. ஆடி ஆஃபர், ஸ்மைல்ங்கிற லேசர் முறை, ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல, இந்த வாரமே முன்பணம் கட்டினா தள்ளுபடின்னு சொன்னாங்க. டாக்டரைக் கடைசியா சில நிமிஷம்தான் பார்த்தேன். "நல்ல கண்ணு, பண்ணிடலாம்"னார்.

அத்தை கட்டாயப்படுத்தினதால இன்னொரு ஆஸ்பத்திரிக்கும் போனேன். அங்க டாக்டர் கலர் கலரா இருந்த ஸ்கேனைக் காட்டி, இடது கண்ல கருவிழியோட (கார்னியா, கண்ணோட முன்பக்கத் தெளிவான படலம்) கீழ்ப்பக்கம் மேல்பக்கத்தைவிடக் கூடுதலா வளைஞ்சிருக்கு, நான் இப்ப பண்ண மாட்டேன், ஆறு மாசம் கழிச்சுத் திரும்ப எடுப்போம்னுட்டார். கருவிழித் தடிமன் வலது 496, இடது 491 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்).

ரெண்டு பேருமே படிச்ச டாக்டருங்கதான். வீட்ல எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் கண்ணாடி, அதனால கேட்கப் பெரியவங்க யாரும் இல்ல. பண்ணினவங்க, பண்ண வேண்டாம்னு விட்டவங்க ரெண்டு தரப்பும் சொல்லுங்க.

---

தறிக்காரன் எழுதியது:

நம்ம பக்கத்துப் புள்ளையா, சந்தோஷமுங்க அம்மணி. நான் ஈரோட்டுல விசைத்தறி ஓட்டறேன். லேசிக் பண்ணி ஏழெட்டு வருஷமாச்சு, -3.50 இருந்துச்சு. பஞ்சுத் தூசியும் வேர்வையும் சேர்ந்து கண்ணாடி மேல படிஞ்சுக்கும், அறுந்த நூலு கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தொல்லை தீர்ந்துச்சு பாருங்க, அதுக்கே நான் அந்த டாக்டரைக் கும்பிடோணும்.

எல்லாரும் கேக்கறாங்கன்னு சொல்றேன், வலி கிடையாது. மரத்துப்போக சொட்டு விடுவாங்க. இமை மூடாம இருக்கக் கிளிப்பு. ஒரு வளையத்தை வெச்சு அமுக்குவாங்க, அப்ப மட்டும் கண்ணு கனமா இருக்கும், பார்வை அப்படியே இருண்டுடும். அதுக்குத்தான் பயந்தேன். அப்பறம் ஒரு வெளிச்சப் புள்ளியவே பாருங்கம்பாங்க. டக டகன்னு சத்தம், முடி கருகற மாதிரி ஒரு வாடை. அவ்வளவுதானுங்க, அடுத்த கண்ணுக்குப் போயிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி பூரா கண்ணுல தண்ணி ஊத்துச்சு. விடியக்காலைல எதுத்த வீட்டு மாடில காயற துணி ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரிஞ்சுது.

ஆனா எனக்குத் தடிமன் 550க்கு மேல இருந்துச்சுன்னு சொன்னாங்க. உங்க கணக்கு வேற மாதிரி இருக்குதே. விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

---

ஆப்டோ_மதுரை எழுதியது:

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், மதுரையில வேலை. அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைதான் என் தினசரி வேலை. நான் டாக்டர் இல்லை, உங்க ஸ்கேனையும் பார்க்கலை, அதை மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க.

முதல்ல ரெண்டு கேள்வி. முதல் இடத்துல ஸ்கேன் எடுத்தப்போ காண்டாக்ட் லென்ஸைக் கழட்டி எத்தனை நாள் ஆகியிருந்தது? கண் அரிக்குமா, கசக்குவீங்களா?

இப்ப கணக்கு. மைனஸ் பவரைக் குறைக்க லேசர் கருவிழியோட நடுப்பகுதியை மெலிசாக்குது. 6.5 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பண்ணினா ஒரு பாயிண்டுக்கு சுமார் 14 மைக்ரான் போகும். உங்க இடது கண்ல பவரும் சிலிண்டரும் சேர்த்து 7.25. அப்ப நூறு மைக்ரான் போச்சு. லேசிக்னா அதுக்கு மேல ஃபிளாப், அதாவது மூடி மாதிரித் திறக்கிற மேல்படலம், அது ஒரு 110. ஆக 491ல 210 போக மீதி 280.

புத்தகத்துல இருக்கிற குறைந்தபட்ச எல்லை 250. நிறைய டாக்டர்கள் 300க்குக் கீழ போகவே விரும்ப மாட்டாங்க. இன்னொரு அளவுகோலும் இருக்கு: ஃபிளாப்பும் லேசர் எடுக்கிறதும் சேர்ந்து மொத்தத் தடிமன்ல 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு 43 வருது. அதோட கீழ்ப்பக்கம் வளைவு கூடுதல்னு ஒரு டாக்டர் சொல்லியிருக்கார். தடிமன் குறைவு, பவர் அதிகம், வளைவு சமமா இல்லை. மூணும் ஒரே கண்ல சேருது பாருங்க, அதுதான் எனக்குக் கவலை.

ஃபிளாப் போட்ட பகுதி கண்ணைத் தாங்காது, அடியில மிஞ்சினதுதான் தாங்கணும். உள்ளே இருக்கிற அழுத்தம் எப்பவும் வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். ஒரு பக்கம் நைஞ்ச சைக்கிள் டியூப் அந்த இடத்துல மட்டும் புடைக்குமே, அது மாதிரி பலவீனமான கருவிழி சில மாசத்துலயோ சில வருஷத்துலயோ முன்னாடி தள்ளிக்கிட்டு வரும். எக்டேசியான்னு சொல்வோம். அபூர்வம்தான். ஆனா வந்துட்டா பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடியால பார்வையை முழுசாச் சரியாக்க முடியாது.

---

மஞ்சள்குடை எழுதியது:

முதல் இடத்துக்கு முந்தின நாள் வரை லென்ஸ் போட்டிருந்தேன். யாரும் கேட்கவே இல்லை. ரெண்டாவது இடத்துல போன்ல அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே ரெண்டு வாரம் போடாம வாங்கன்னு சொல்லிட்டாங்க.

அரிப்பு உண்டு. சின்ன வயசுலேர்ந்தே தூசி அலர்ஜி, விரல் மடக்குற மூட்டால அழுத்தி அழுத்திக் கசக்குவேன், தம்பியும் அப்படித்தான். ஸ்மைல்ல ஃபிளாப் கிடையாது, அதனால மெல்லிசு கண்ணுக்கும் பண்ணலாம்னு கவுன்சிலர் சொன்னாங்களே, அது சரியா?

---

ஆப்டோ_மதுரை எழுதியது:

அப்ப முதல் ஸ்கேனை எடுத்து ஓரமா வைங்க. லென்ஸ் கருவிழி மேலயே உட்கார்ந்து அதோட வடிவத்தைக் கொஞ்சம் மாத்திடும். மென் லென்ஸ்னா ஒண்ணு ரெண்டு வாரம், கடின லென்ஸ்னா இன்னும் அதிக நாள் கழட்டி வெச்சு எடுத்தாத்தான் அளவு நிஜமா இருக்கும். உங்க ரெண்டு டாக்டரும் ஒரே படத்தைப் பார்த்து வேற வேற முடிவு சொல்லலை. அவங்க பார்த்த படமே வேற.

ஸ்மைல்ல ஃபிளாப் இல்லைங்கிறது உண்மை. உள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை லேசரால வெட்டி, சில மில்லிமீட்டர் கீறல் வழியா உருவி எடுப்பாங்க. மேல்படலத்து நரம்புகள் குறைவா அறுபடும், கண் உலர்றதும் கொஞ்சம் குறைவு. ஆனா எடுக்கிற திசு எடுத்ததுதான், திரும்ப வளராது. வளைவு சந்தேகமா இருக்கிற கண்ணுக்கு ஸ்மைல் பண்ணியும் எக்டேசியா வந்ததுண்டு. "மெல்லிசு கண்ணுக்கு ஸ்மைல்" அப்படின்னு ஒரே வரியில முடிச்சுட முடியாது.

கசக்குறதைப் பத்தி அழுத்திச் சொல்றேன். கெரடோகோனஸ்னு ஒரு நோய் இருக்கு. கருவிழி மெலிஞ்சு கூம்பு மாதிரி ஆகும். பெரும்பாலும் பதின்ம வயசுல தொடங்கி முப்பதுகள் வரை வளரும். அலர்ஜியால விடாம கண்ணைக் கசக்குறவங்களுக்கு அதிகம் வருது. ஆரம்பத்துல கண்ணாடி போட்டா நல்லாவே தெரியும். சிலிண்டர் மட்டும் மெல்ல மெல்ல ஏறும், ஸ்கேன்ல கீழ்ப்பக்கம் வளைவு கூடும். உங்களுக்கு அது இருக்குன்னு நான் சொல்லலை. இல்லைன்னு உறுதியாகிற வரை லேசர் பக்கம் போகக் கூடாது, அதுக்காகத்தான் அந்த டாக்டர் ஆறு மாசம் கேட்டிருக்கார். அலர்ஜிக்குச் சொட்டு மருந்து எழுதி வாங்குங்க. மெடிக்கல் ஷாப்ல நீங்களா ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடாதீங்க, கண் அழுத்தம் ஏறிடும்.

---

நாலாம்வரிசை எழுதியது:

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் செய்துகொண்ட சிகிச்சை. அதன் ஆணிவேரே நம் ஊர்க்காரர்தான். 1929இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி ஸ்ரீநிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்தபோது 1981 நவம்பரில், நன்றியறிதல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியைக் கொண்டுவந்து அதன் மேல் எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றியுள்ள தசை கருகாமல், கத்தி வைத்தது போலச் சுத்தமாக வெட்டுப்பட்டது. சகாக்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம். 1983இல் ஸ்டீஃபன் ட்ரோகல் என்ற கண் மருத்துவரோடு சேர்ந்து கருவிழியில் சோதித்தார்கள். 2013இல் ஸ்ரீநிவாசன், வின், பிளம் மூவருக்கும் அமெரிக்காவின் தேசியப் பதக்கம். இந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் தீராத ஆசை.

---

ஆப்டோ_மதுரை எழுதியது:

ஐயா, எனக்கும் அதுல பெருமைதான். தறிக்காரன் அண்ணன் சொன்ன வாடைக்கும் இதுல விளக்கம் இருக்கு. அந்த 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் திசுவைச் சுடுறதில்லை. மூலக்கூறுகளோட பிணைப்பை உடைச்சு ஆவியாப் பறக்க விடுது, அந்த வாடைதான் மூக்குக்கு வருது. கண் கருகலை.

லேசர் நல்ல கருவிங்கிறதுல சந்தேகமே இல்லை. இந்தப் பொண்ணோட இடது கண் அதுக்கு ஏத்ததாங்கிறது மட்டும்தான் இங்க கேள்வி. எத்தனை கோடிப் பேர் செஞ்சிருந்தாலும் அதுக்கான பதில் அவங்க ஸ்கேன்லதான் இருக்கு.

---

வடக்குவீதி எழுதியது:

தங்கச்சி, நான் டொரொண்டோவிலை இருந்து எழுதிறன். லேசிக் செய்து பத்து வருசத்துக்கு மேலை. பகல் பார்வை இண்டைக்கும் திறம். ஆனா இரவிலை கார் ஓடேக்கை எதிரிலை வாற லைற்றுகளைச் சுத்தி ஒளிவட்டம் தெரியும், தெருவிளக்கிலை இருந்து கதிர் கதிராப் பிரியும். முதல் வருசம் மழை இரவுகளிலை கார் எடுக்கவே பயந்தனான். இப்ப குறைஞ்சிட்டுது, ஆனா முழுசாப் போகேல்லை. குளிர்காலத்திலை வீட்டுக்குள்ளை ஹீற்றர் போட்டா கண் காய்ஞ்சு உறுத்தும். சொட்டு மருந்து இல்லாமல் வெளிக்கிட மாட்டன்.

அமெரிக்காவிலை எஃப்.டி.ஏ. (உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) செய்த ஆய்வொண்டு இருக்கு. முதல் ஒரு கரைச்சலும் இல்லாத ஆக்களிலை 46 வீதம் வரை, செய்து மூண்டாம் மாதம் ஒளிவட்டம், இரட்டையாத் தெரியிறது மாதிரி ஏதாவது ஒண்டு புதுசா வந்ததாச் சொல்லியிருக்கினம். 30 வீதம் வரை கண் உலர்வு. ஆனா அதே ஆய்விலை 95 வீதத்துக்கு மேலை பார்வையிலை திருப்தி எண்டும் சொல்லியிருக்கினம். நாளாந்த வேலையே செய்ய ஏலாத அளவு கஷ்டப்பட்டது ஒரு வீதத்துக்கும் குறைவு. இரண்டையும் சேத்துத்தான் வாசிக்க வேணும். நானும் அந்தத் திருப்தியான ஆக்களிலை ஒருத்தன்தான், திரும்பவும் செய்வீங்களோ எண்டு கேட்டால் ஓம் எண்டுதான் சொல்லுவன். இந்தச் சில்லெடுப்பை ஒப்பரேசனுக்கு முதலே எனக்கு ஆராவது விளங்கப்படுத்தியிருக்கலாம் எண்டதுதான் என்ரை மனக்குறை.

---

பூவரசு எழுதியது:

கண்ணு, நான் உன் அம்மா வயசுக்காரி. என் பொண்ணுக்கும் இதே பேச்சு வீட்ல நடந்தது, அதனால உன் அம்மா மேல எனக்குக் கோபம் இல்லை. பொண்ணைப் பார்க்க வர்றவங்க "எத்தனை பவர்?"னு கேட்கிற ஊர்ல எந்தத் தாய்க்கும் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனா கல்யாண தேதியை வெச்சு ஆபரேஷன் தேதியைக் குறிக்காதே. அதை மட்டும் நான் ஆணித்தரமாச் சொல்லுவேன். அப்புறம் கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கிற காலத்துல பவர் மாறும், கண்ணு வறளும், அப்ப செய்ய மாட்டாங்க. அதையும் யோசிச்சுக்கோ. வரப் போறவன்கிட்ட கண்ணாடியை மறைச்சு என்ன ஆகப்போகுது? பவர் போனாலும் உன் கண் மைனஸ் கண்தான், பிள்ளைக்கு வர்றதா இருந்தா வரும்.

அம்மாவை ஒரு தடவை அந்த ரெண்டாவது டாக்டர்கிட்ட நேர்ல கூட்டிக்கிட்டுப் போ. நீ சொன்னா "பயந்துட்டா"ம்பாங்க. டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னா அடங்கிடுவாங்க.

---

இரவுப்பேருந்து எழுதியது:

பூவரசு அம்மா சொன்னதோட இன்னொண்ணு. எனக்கு 45 வயசு, -4 கண்ணாடி, லேசர் பண்ணிக்கலை. நாற்பதுக்கு மேல எல்லாருக்கும் வெள்ளெழுத்து வரும். எனக்கும் வந்துச்சு. ஆனா நான் கண்ணாடியைக் கழட்டினா பேப்பர், மாத்திரை அட்டைல பொடி எழுத்து, ஊசில நூல் எல்லாம் தெளிவாத் தெரியுது. கூட வேலை பார்க்கிறவர் 38 வயசுல லேசிக் பண்ணி, இப்ப சட்டைப் பையில படிக்கிற கண்ணாடி வெச்சிருக்கார். 26 வயசுல பண்ணினா அனுபவிக்கப் பல வருஷம் இருக்கு, அதை மறுக்கலை. ஆனா "வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி இல்லை"ன்னு விளம்பரத்துல வந்தா நம்பாதீங்க.

இன்சூரன்ஸையும் எதிர்பார்க்காதீங்க. 7.5 பாயிண்டுக்குக் குறைவான பவருக்குச் செய்யுற சிகிச்சையை நம்ம நாட்டுப் பாலிசிகள்ல வழக்கமா விலக்கி வெச்சிருக்காங்க. கேட்டுட்டுக் கட்டுங்க.

---

கரிசல்காடு எழுதியது:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் ரயில்வே ஏ.எல்.பி. (உதவி லோகோ பைலட், அதாவது ரயில் ஓட்டுநரோட உதவியாளர்) தேர்வுக்குப் படிக்கிறேன். கண்ணாடி -1.50. லேசிக் பண்ணிட்டுப் போனா மெடிக்கல்ல தெரியுமா?

---

ஆப்டோ_மதுரை எழுதியது:

தெரியும் தம்பி. டோப்போகிராஃபி (கருவிழி வளைவைக் காட்டுற ஸ்கேன்) எடுத்தா நடுவுல தட்டையாக்கியிருக்கிறது பளிச்சுன்னு காட்டும். அதைவிட முக்கியம், லோகோ பைலட் வேலைக்குக் கண்ணாடி இல்லாமலே 6/6 (முழுப் பார்வை) வேணும், லேசிக் பண்ணினவங்களை எடுக்கவும் மாட்டாங்க. இதுக்காகப் பணம் கட்டி ஏமாந்த பசங்களைப் பார்த்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும். விமானப்படை, போலீஸ்னு ஒவ்வொண்ணுக்கும் விதி வேற. அந்தந்த அறிவிப்புல மருத்துவத் தகுதிப் பக்கத்தைப் படிச்சுட்டு முடிவெடுங்க. கண் ஆஸ்பத்திரி கவுன்சிலர் வாய்வார்த்தை அதுக்குச் செல்லாது.

மஞ்சள்குடைக்கு இன்னும் சிலது.

ஒண்ணு, விழித்திரை. மைனஸ் ஏறின கண் நீளமான கண். அதனால விழித்திரை ஓரத்துல மெலிவு, ஓட்டை வர வாய்ப்பு உண்டு. லேசர் முன்பக்கத்தைத்தான் திருத்தும், கண்ணோட நீளம் அப்படியேதான் இருக்கும். சொட்டு விட்டுக் கண்பாப்பாவை விரிச்சு விழித்திரையைப் பார்த்தாங்களா? லேசர் பண்ணினாலும் பண்ணாட்டியும் வருஷம் ஒரு தடவை பார்க்கணும். திடீர்னு மின்னல் மாதிரி வெளிச்சமோ, கரும்புள்ளிகள் கூட்டமாவோ, ஓரத்துல திரை இறங்குற மாதிரியோ தெரிஞ்சா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொண்ணு, வழி அடைபடலை. கருவிழியை அறுக்காம, கண்ணுக்குள்ள ஐரிஸுக்கு (கண்ணோட நிறப் பகுதி) பின்னாடி லென்ஸ் வைக்கிற ஐ.சி.எல். இருக்கு. மெல்லிசு கருவிழிக்கு நிறைய டாக்டர்கள் அதைத்தான் யோசிப்பாங்க. வேணும்னா வெளிய எடுத்துடலாம். ஆனா கண்ணுக்குள்ள கை வைக்கிற ஆபரேஷன். முன்னறை ஆழம் (கருவிழிக்கும் கண்ணோட சொந்த லென்ஸுக்கும் நடுவுல உள்ள இடைவெளி), கருவிழி உட்படலச் செல் எண்ணிக்கை ரெண்டும் போதுமா இருக்கணும். கண் அழுத்தம் ஏறுறது, புரை சீக்கிரம் விழுறது மாதிரி அதுக்குன்னு தனி ஆபத்துகள் உண்டு. செலவும் கூட. பி.ஆர்.கே. பத்தியும் யாராவது சொல்வாங்க. அதுல ஃபிளாப் இல்லை, மேல்தோலைச் சுரண்டிட்டு லேசர். சில நாள் நல்லா வலிக்கும். தடிமன் மிச்சமாகும், ஆனா வளைவு சந்தேகத்துக்கு அது பதில் ஆகாது.

---

மஞ்சள்குடை எழுதியது:

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன். பூவரசு அம்மா சொன்ன மாதிரி அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். டாக்டர் படத்துல கீழ்ப்பக்க ஆரஞ்சு நிறத்தை விரலால காட்டி, "இது உங்க பொண்ணு கண்ணா இல்லாம என் பொண்ணு கண்ணா இருந்தாலும் தொட மாட்டேன்"னார். அம்மா வீடு வர்ற வரை பேசல. ராத்திரி, "அந்த முன்பணம் கட்டாம வந்தது அந்த ஆண்டாளம்மா புண்ணியம்"னாங்க.

ஆறு மாச ஸ்கேனும் எடுத்தாச்சு. இடது கண் அப்படியே இருக்கு, கூடலை, குறையலை. கெரடோகோனஸ்னு எழுதலை, "சந்தேகம், கவனிக்கவும்"னு எழுதியிருக்காங்க. லேசிக், ஸ்மைல் ரெண்டும் எனக்குக் கிடையாதுன்னு தெளிவாச் சொல்லிட்டாங்க. இன்னும் ஒரு வருஷம் மாறாம இருந்தா ஐ.சி.எல். பத்திப் பேசலாமாம். விழித்திரை நல்லா இருக்கு. அலர்ஜி சொட்டு போட ஆரம்பிச்சதிலிருந்து கசக்குறது ரொம்பக் குறைஞ்சிருக்கு. எனக்கு வருத்தம் இல்லாம இல்லை, முதல் வாரம் அழுதேன். புதுசா மெல்லிசு லென்ஸ் போட்டு ஒரு கண்ணாடி வாங்கியிருக்கேன், ஹெல்மெட்டுக்குள்ள குத்தாத மாதிரி நேர்க் காம்பு.

தறிக்காரன் அண்ணா, வடக்குவீதி அண்ணா, எல்லாருக்கும் நன்றி.

---

தறிக்காரன் எழுதியது:

நல்லதுங்க அம்மணி. கண்ணு பத்திரம்.

---

ஆப்டோ_மதுரை எழுதியது:

சரியான முடிவு. ரெண்டு ஸ்கேனையும் பிரிண்ட் மட்டும் இல்லாம ஃபைலாவும் கேட்டு வாங்கி வெச்சுக்கங்க. அடுத்த தடவை அதே மெஷின்லயே எடுங்க, வேற மெஷின் அளவோட ஒப்பிட்டாக் குழப்பம்தான் வரும். இங்க படிக்கிற மத்தவங்களுக்கும் சொல்றேன், லேசர் பண்ணிக்கிட்டீங்கன்னா பண்றதுக்கு முந்தைய அளவுகளைத் தூக்கிப் போடாதீங்க. அறுபது வயசுல புரை ஆபரேஷனுக்கு லென்ஸ் கணக்குப் போட அது வேணும்.

அப்புறம் உங்க தம்பி. கெரடோகோனஸ் குடும்பத்துல வரக்கூடியது, அவரும் அழுத்திக் கசக்குற ஆளுன்னு எழுதியிருந்தீங்க. லேசர் பண்ணப் போறாரோ இல்லையோ, அவருக்கு ஒரு டோப்போகிராஃபி எடுத்துடுங்க. அந்த நோய் இருந்து, ஏறிக்கிட்டும் இருந்தா, ரைபோஃபிளேவின் சொட்டு விட்டுப் புற ஊதாக் கதிர் காட்டி கருவிழியை இறுக்குற கிராஸ்லிங்கிங் சிகிச்சையால அங்கேயே நிறுத்திடப் பார்க்கலாம். சின்ன வயசுல வேகமா ஏறும், அதனால அடுத்த லீவுக்கு அவர் ஊருக்கு வரும்போதே முடிச்சுடுங்க.